வெளியே சாப்பிட்டு மீந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தால்: எவ்வளவு நேரம், எந்த டப்பா, எப்படிச் சூடு?

மாலைநேரம்:
ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு மீந்ததைப் பார்சல் கட்டி வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அதற்கப்புறம் என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஆறின பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்கணும் என்கிறார் ஒருவர், சூட்டோடு வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. உணவை வீணாக்குவது பாவம் என்று நினைக்கிற வீடுகளில் கேள்வி இன்னும் கனமாகிறது. விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடும் உணவு இது.

நுண்ணுயிர்_வாசிப்பு:
முதலில் கடிகாரத்தைச் சரியான இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். பலரும் வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து கணக்குப் பார்க்கிறார்கள். அது தப்பு. உணவு மேசைக்கு வந்த நிமிடத்திலிருந்தே கணக்கு ஓடுகிறது.

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் பாக்டீரியாக்கள் பெருகும். அந்த இடைவெளியில் உணவு மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். இரவு 8 மணிக்குத் தட்டு வருகிறது, 9 மணிக்குப் பார்சல் கட்டுகிறார்கள், அரை மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையும்போது கையில் மிச்சம் இருப்பது அரை மணி நேரம். வழியில் ஒருவர் வீட்டில் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தால் அதுவும் போயிற்று. வெயில் காலத்தில் வண்டிக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றும் உண்டு, அதிகம் பேர் செய்வதில்லை. மீதமாகும் என்று தெரிந்தால் சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே, கை படாத கரண்டியால் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். எச்சில் கரண்டி போன உணவும், விரல் பட்ட உணவும் அதைவிடச் சீக்கிரம் கெடும்.

கேள்விக்குறி:
மறுநாள் தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டால் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? தலைமுறை தலைமுறையாக அப்படித்தானே சாப்பிட்டு வந்திருக்கிறோம். இவ்வளவு கணக்கு தேவையா? குறை சொல்லக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நுண்ணுயிர்_வாசிப்பு:
நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆள் படுத்துக்கொள்கிறார்.

மூன்று பேரை, அதாவது மூன்று பாக்டீரியாக்களை, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது, அரிசியோடே வீட்டுக்கு வந்துவிடும். சோறு வெந்தால் பாக்டீரியா செத்துவிடும், ஆனால் அதன் வித்து, அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் அதன் வடிவம், சாகாது. கொதிநிலை அதைக் கொல்லாததோடு முளைக்கவும் தூண்டிவிடுகிறது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி, சீரியுலைடு என்ற நச்சைச் சோற்றுக்குள்ளேயே விட்டுவைக்கும். இந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. அடுப்பில் 100 டிகிரியைத் தாண்ட முடியாத நாம் அதை என்ன செய்ய முடியும்? சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதனால்தான். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு வந்த வாந்தியை ஆராய்ந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. வேகவைத்த சோற்றைக் குவியலாக வெளியே விட்டு, அப்புறம் வறுத்துக் கொடுத்திருந்தார்கள். வறுக்கும் சூடு உதவவில்லை.

இரண்டாவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மனிதர்களின் மூக்கிலும் தோலிலும் இருப்பது. கை வழியாக உணவுக்கு வரும். இதன் நச்சும் கொதிக்கவைத்தால் போகாது. மேலே கரண்டியைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். கறிக்குழம்பு, கெட்டியான கிரேவி, பெரிய பாத்திரம், இவைதான் இதற்குப் பிடித்த இடம். 43 முதல் 47 டிகிரிக்குள் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும், இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும். ஆனால் இதன் நச்சு பெரும்பாலும் நம் குடலுக்குள் போன பிறகுதான் உருவாகிறது. அதனால் உள்வரை 74 டிகிரிக்குச் சூடாக்கினால் தப்பிக்கலாம். நீங்கள் சொல்லும் கொதி இங்கே வேலை செய்யும்.

கொதி ஒருவரைத் தடுக்கும், மற்ற இருவரைத் தடுக்காது. சீக்கிரம் குளிர வைத்தால் மூவருமே பெருக முடியாது.

கேள்விக்குறி:
புரிகிறது. அப்படியானால் வாசனை பார்த்து முடிவு செய்வது?

நுண்ணுயிர்_வாசிப்பு:
கெட்ட வாடை வந்தால் கண்டிப்பாகக் கொட்டுங்கள். வாடை வரவில்லை என்பதை மட்டும் நம்பிச் சாப்பிடாதீர்கள். வாடையும் கொழகொழப்பும் தருபவை வேறு வகைப் பாக்டீரியாக்கள். நான் சொன்ன மூன்றும் நிறம், மணம், ருசி எதையும் மாற்றாமலே இருந்துவிடும். நாக்கில் வைத்துப் பார்ப்பதும் பரிசோதனை ஆகாது, அது சாப்பிடுவதேதான்.

குளிர்ச்சி_கணக்கு:
சூட்டோடு வைக்கலாமா என்ற கேள்விக்கு நான் வருகிறேன். ஆவி அடங்கினதும் வைத்துவிடலாம். கை பொறுக்கும் சூடு வந்தால் போதும். முழுக்க ஆறட்டும் என்று இரவு முழுக்க மேடையில் விடுவதுதான் ஆபத்து.

ஆனால் எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் என்பது முக்கியம். கெட்டியான உணவுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் வெளியே வரும். அதன் உயரத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசியாகும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள டப்பாவில் நடுச் சோறு ஆற 6 மணி நேரம் ஆனால், 5 சென்டிமீட்டர் தட்டையான டப்பாவில் ஒன்றரை மணி நேரம். ஹோட்டல் பார்சலை அப்படியே உள்ளே தள்ளாமல், இரண்டு மூன்று தட்டை டப்பாக்களில் பிரித்துப் போடுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். முதல் அரை மணி மூடியைச் சற்றே சாய்த்து வையுங்கள், ஆவி போகட்டும், பிறகு இறுக்குங்கள். டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். அடுக்கினால் மறுபடி ஒரே பெரிய பாத்திரமாகிவிடும்.

ஃப்ரிட்ஜில் இடமும் பார்க்க வேண்டும். கதவுத் தட்டு அடிக்கடி வெளிக்காற்று படும் இடம், மீந்த உணவுக்கு ஆகாது. நடுத்தட்டின் உள்பக்கம் நல்லது. பின்சுவரில் காற்று வரும் துளைகளை டப்பா அடைத்தால் குளிர் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவாது.

ஃப்ரிட்ஜின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் 1 முதல் 5 வரை இருக்கும் எண்கள் டிகிரி அல்ல. பல வீடுகளில் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் கதவு திறந்ததும் படியுங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 8, 9 காட்டினால் திருகியைக் கூட்டி மறுநாள் மறுபடி பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் கதவின் ரப்பர் பட்டையைச் சோதியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது.

மாலைநேரம்:
இது போதும் போல இருக்கிறதே! உயரத்தின் கணக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. சரி, எத்தனை நாள் வைக்கலாம்?

நுண்ணுயிர்_வாசிப்பு:
4 டிகிரியில் 3 முதல் 4 நாள். சோறும் கடல் உணவும் என்றால் மறுநாளே முடித்துவிடச் சொல்வேன். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும், அதனால்தான் குளிரை நம்பி வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது கடுமையாகப் பாதிக்கும். அவர்களுக்கு மீந்த உணவை ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

டப்பா மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் தேதியும் நேரமும் எழுதுங்கள். ‘திங்கள்’ என்று மட்டும் எழுதினால் எந்தத் திங்கள் என்று வியாழனன்று சண்டை வரும்.

உப்பும்_நெருப்பும்:
பாதுகாப்பு பற்றிச் சொல்லிவிட்டார்கள். ருசி ஏன் போகிறது என்பதை நான் சொல்கிறேன், ருசி போனால் பத்திரமாக வைத்ததும் குப்பைக்குத்தான் போகும்.

சோறும் ரொட்டியும் ஃப்ரிட்ஜில் கல்லாவது தண்ணீர் வற்றுவதால் மட்டும் இல்லை. வேகும்போது குழைந்த மாவுச்சத்து, குளிரும்போது மறுபடி அடுக்கடுக்காக இறுகுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக ஃப்ரிட்ஜ் குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கும். சூடு பட்டால் பெருமளவு திரும்ப இளகும். ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சூடாக்குங்கள், பருக்கை பழையபடி வரும். ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். இரண்டு நாளைக்கு மேல் என்றால் நேராக ஃப்ரீசரில் போடுங்கள்.

வறுத்த, பொரித்த பண்டம் வேறு கதை. மொறுமொறுப்பைக் கெடுப்பது அதனுள்ளிருந்து வரும் ஆவியே. சூடாக இருக்கும்போதே டப்பாவை இறுக மூடினால் மூடியில் முத்து முத்தாகக் கோத்த நீர் கீழே சொட்டி மேல்தோலை ஊற வைத்துவிடும். ஹோட்டலிலேயே மூடியின் ஒரு மூலையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், சாஸைத் தனி டப்பாவில் கேளுங்கள். வீட்டில் மைக்ரோவேவ் வேண்டாம், தோல் ரப்பராகிவிடும். ஓவன் அல்லது ஏர் ஃப்ரையரை 180 டிகிரியில் முன்சூடாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி 5 முதல் 8 நிமிடம். இரண்டும் இல்லையென்றால் கனமான தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில், மூடாமல், புரட்டிப் புரட்டி. உள்ளே ஊறியிருக்கும் எண்ணெயே போதும்.

கிரீம் சேர்த்த கிரேவி அதிகத் தீயில் திரிந்து எண்ணெய் தனியாகப் பிரியும். இரண்டு கரண்டி பாலோ வெந்நீரோ விட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பிரிந்துவிட்டால் தீயை அணைத்து, ஒரு கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சாலட் கீரையோடு சூடான கறியைச் சேர்த்துப் பார்சல் கட்டியிருந்தால் கீரையைக் கழித்துவிட வேண்டியதுதான், அதை மீட்க வழியில்லை.

கேள்விக்குறி:
மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது. மெஷின் கோளாறா?

குளிர்ச்சி_கணக்கு:
கோளாறு இல்லை. அதன் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். உள்ளே அலைகள் மோதித் திரும்பி, சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் சூடான இடமும் ஆறின இடமுமாக அமைகின்றன. சுழலும் தட்டு அதைச் சமப்படுத்தத்தான். ஆனால் சுழற்சியின் நடுப்புள்ளி ஒரே இடத்தில் நிற்கிறது. அதோடு அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும், அதற்கு உள்ளே வெப்பம் தானாகப் பரவினால்தான் உண்டு.

அதனால் உணவைத் தட்டில் வளையம் போலப் பரப்பி நடுவைக் காலியாக விடுங்கள். மூடி போடுங்கள், சின்ன இடைவெளியோடு. பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்த பிறகு 2 நிமிடம் தொடாமல் விடுங்கள், சூடு பரவும் நேரம் அது. கம்பித் தெர்மாமீட்டரைத் தடிமனான இடத்தில் குத்திப் பார்த்தால் 74 காட்ட வேண்டும். தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்று அறிய, ஐஸ் நிறைந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் விடுங்கள், 0 காட்ட வேண்டும்.

பார்சல் டப்பாவோடு அப்படியே மைக்ரோவேவில் வைக்காதீர்கள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அதிலும் ‘மைக்ரோவேவுக்கு உகந்தது’ என்ற குறி இருந்தால் மட்டும் வைக்கலாம். 6 என்றால் பாலிஸ்டைரீன், கொதிக்கும் சூட்டிலேயே இளகி நெளியும். 1 தண்ணீர் பாட்டில் வகை, சூடுக்கு ஆகாது. கண்ணாடி, பீங்கான் இரண்டும் சிக்கலில்லாதவை. காகிதப் பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், உள்ளே போனால் தீப்பொறி. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புள்ள குழம்பை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் தாளில் ஊசித் துளைகள் விழும், அலுமினியம் குழம்பில் கரைந்திருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள்.

பந்திப்_பொறுப்பு:
இதையே பெரிய அளவில் கேட்கிறேன். வழிபாட்டுக் கூடங்களில் எல்லோருக்கும் சமைத்துப் போடும்போது பத்து, இருபது லிட்டர் மீந்துவிடும். படைத்த உணவைக் கொட்ட யாருக்கும் மனம் வராது, இல்லாதவர்களுக்குக் கொடுக்கவே விரும்புவார்கள். வீடுகளுக்குப் பங்கிட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லலாமா?

குளிர்ச்சி_கணக்கு:
பாத்திரத்தோடு ஒரே வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். 10 லிட்டர் குழம்பை 90 டிகிரியிலிருந்து 5-க்கு இறக்க, அதிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டு ஃப்ரிட்ஜ் நொடிக்கு நொடி வெளியேற்றுவது நூறு, இருநூறு வாட் அளவில்தான். வேறு எதையும் குளிர்விக்காமல் இது ஒன்றையே பார்த்தாலும் 5 முதல் 10 மணி நேரம் ஆகும். அதற்குள் பக்கத்திலிருக்கும் பாலும் கறியும் சூடேறிவிடும்.

உப்பும்_நெருப்பும்:
பெரிய சமையற்கூடங்களில் பின்பற்றும் கணக்கு இது: 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். முதல் கட்டத்தில் தவறினால் மறுபடி 74-க்குச் சூடாக்கி ஆரம்பத்திலிருந்து குளிர்விக்கலாம், ஆனால் அந்த 2 மணி நேரம் முடிவதற்குள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

செய்முறை: பாத்திரத்தைப் பெரிய தொட்டியில் இறக்கி, குழம்பின் உயரத்துக்குத் தண்ணீரும் ஐஸும் நிரப்புங்கள். 10 லிட்டரை 60-லிருந்து 20-க்கு இறக்க 5 கிலோ ஐஸ் கரையும், கொஞ்சம் கூடவே வாங்கிவையுங்கள். சும்மா விட்டால் ஓரம் மட்டும் ஆறும். நீளக் கரண்டியால் அடி வரை கிளற வேண்டும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை. சோற்றைத் தொட்டியில் வைத்துப் பயனில்லை, அதைக் கழுவிய தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி மின்விசிறிக் காற்றில் விடுங்கள், மெல்லிய துணி மூடி.

இதைவிடச் சுலபம், மீதத்தைக் குளிர்விக்காமலே கொடுத்துவிடுவது. 60 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே பாதியைத் தனியாக எடுத்து, சூடு காக்கும் பாத்திரத்தில் மூடி உடனே அனுப்பினால் வாங்கினவர்கள் அப்போதே சாப்பிடலாம். பந்தி முழுக்க முடியட்டும் என்று காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. பரிமாறிய வாளியில் மீந்ததைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றவே கூடாது.

நுண்ணுயிர்_வாசிப்பு:
நோன்பிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியலுக்கு முன் சாப்பிடுபவர்கள் முந்தின இரவு உணவை மேடையில் மூடி வைத்துவிட்டு எழுவது வழக்கம். அது 6, 7 மணி நேரம். இரவே ஃப்ரிட்ஜில் வைத்து, எழுந்ததும் தேவையானதை மட்டும் சூடாக்குங்கள். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவருக்கு வாந்தி பேதி வந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும், அதனால் சந்தேகமான உணவை அன்று தொடவே வேண்டாம்.

பந்தும்_மட்டையும்:
மேட்ச் நாளில் நேற்றைய ஹோட்டல் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கலாமா என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. இரண்டு விஷயம் பாருங்கள்.

ஹோட்டல் உணவில் எண்ணெயும் வெண்ணெயும் அதிகம், கொழுப்பு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். முழுச் சாப்பாடு ஆட்டத்துக்கு 3, 4 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ போதும். மீந்த கிரேவியை ஆட்டம் முடிந்த இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பிளாஸ்கில் கொடுங்கள். வெறும் பிளாஸ்கில் சூடான உணவைப் போட்டால் உள்சுவரே கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். கொதிநீர் ஊற்றி மூடி 10 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் உணவை வாய்வரை நிரப்புங்கள். பாதி பிளாஸ்க் சீக்கிரம் ஆறும். ஒருமுறை வீட்டிலேயே நிரப்பி, சாப்பாட்டு நேரத்தில் திறந்து அளந்து பாருங்கள், 60-க்கு மேல் நின்றால் அந்த பிளாஸ்க் நம்பத் தக்கது. குளிர்ந்த உணவென்றால் ஐஸ் பொதி இரண்டு, டப்பாவின் மேலும் கீழும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலும் ஐஸ் பொதி வேலையைச் செய்யும், மதியத்தில் குடிக்கவும் ஆகும்.

மாலைநேரம்:
எல்லாம் பார்த்தும் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால்?

நுண்ணுயிர்_வாசிப்பு:
நீர்ச்சத்துதான் முதல் வேலை. கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி சிறந்தது. இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண் அளவில் போடாதீர்கள், உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. மடக்கு மடக்காகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டுத் தொடருங்கள். மலத்தில் ரத்தம், 39 டிகிரியை ஒட்டிய காய்ச்சல், எதுவும் வயிற்றில் தங்காமை, மணிக்கணக்கில் சிறுநீர் போகாமை, 3 நாளாகியும் நிற்காத பேதி, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இவ்வளவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மாலைநேரம்:
கடைசியாக ஒன்று. நான்கு நாளில் முடியாது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் போடலாம். ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

குளிர்ச்சி_கணக்கு:
ஃப்ரீசரில் போடுவதை முதல் நாளே போடுங்கள், நான்காம் நாள் இரவில் போடுவதில் அர்த்தமில்லை. ஜிப் பையில் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பி, காற்றை நீவி எடுத்துவிட்டுப் படுக்கை வாக்கில் உறையவிடுங்கள். குழம்பைக் கடின டப்பாவில் போட்டால் மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், விளிம்பு வரை ஊற்றினால் மூடி பிளந்துவிடும். உறைந்ததை இளக்க முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், மேடையில் வைக்காதீர்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஊருக்குப் போகும் முன் ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, கட்டியான பனியின் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் இளகவில்லை. பாதியில் புதைந்திருந்தால் நடுவில் கொஞ்சம் இளகியிருக்கிறது, கறியையும் கடல் உணவையும் கழித்துவிடுங்கள். அடியில் கிடந்தால் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அந்தத் தட்டில் இருக்கும் எதையும் சாப்பிட வேண்டாம்.